ஏழாம் வகுப்பு பி-யின் இடது கைகள்

கேள்வியைக் கேட்டாயிற்று. இனி வாயைத் திறக்கக் கூடாது. உலகம்மாள் நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு, கைகள் இரண்டையும் கோத்துக்கொண்டு நின்றாள். மேசைமேல் எவர்சில்வர் செம்பு. செம்புக்குள் தண்ணீரும், வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்த ஐஸ் கட்டிகளும். செம்புக்கு வெளியே, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பிள்ளைகள் எல்லாரும் பார்க்கத் துண்டால் துடைத்துக் காட்டிய பளபளப்பின் மேல், இப்போது பொடிப்பொடியாகத் தண்ணீர் பூத்திருந்தது. "இந்தத் தண்ணி எங்கருந்து வந்தது?" அவ்வளவுதான் கேள்வி. நாற்பத்தொரு பிள்ளைகளும் செம்பைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி செம்பைப் பார்த்தார்கள். பஸ் தென்காசியை விட்டுக் கிளம்பிவிட்டது. பதிலுக்குக் காத்திருக்கையில் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் அவளால் ஐந்துக்கு மேல் போக முடிவதில்லை, எண்கள் ஓடிவிடும். அதனால் பஸ் நிறுத்தங்களாக எண்ணப் பழகியிருந்தாள். தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், சீதபற்பநல்லூர், பேட்டை, டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முழு மூச்சு. உள்ளே இழுத்து, நிறுத்தி, வெளியே விட்டு. முதல் வாரம் பஸ் ஸ்டாண்டை விட்டே வண்டி நகரவில்லை. போன வாரம் ஆலங்குளம் வரை போனது. அதற்கு அப்பால் அவள் போனதில்லை. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் அம்மா, மடியில் மதிப்பெண் தாள், கையில் மூடி கழற்றிய பேனா. மற்றதில் இந்த வகுப்பின் சொந்த அறிவியல் ஆசிரியர் கோமதிநாயகம் சார். பத்து வாரமாகத் தன் பிள்ளைகளை இந்த பி.எட். மாணவியிடம் இரவல் கொடுத்துவிட்டு, கொடுத்த பொருள் கெட்டுப்போய்த் திரும்புமோ என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு இந்த நாற்பது நிமிஷம்தான் பரீட்சை. அந்தத் தாளில் என்ன விழுகிறதோ அதுதான் இரண்டு வருஷப் படிப்பின் பலன். இப்போதே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் வகுப்பு ஓடத் தொடங்கிவிடும், காத்துல, காத்துல என்ன இருக்கு, சொல்லுங்க, நீரா... நீராவி, ஆம், வெரி குட். அப்படி எடுத்துக் கொடுப்பதில்லை என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்த ஆராய்ச்சியை எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கும் நீல அட்டை நோட்டு வெறும் காகிதம்.

பாவூர்சத்திரம். மூச்சை விடு. சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம், ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் போன் மேசை. மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், எடுத்தபின் ஒரு கணம்கூட காது சும்மா இருக்கக் கூடாது, எதிர்முனையில் இருப்பவன் யோசிக்க ஆரம்பித்தால் வேறு இடத்துக்குப் போய்விடுவான், யோசிக்க விடாதே உல்கா என்பார் மானேஜர். உலகம்மாள் என்ற பேர் அவர் வாயில் நுழையவில்லை, உல்கா ஆக்கிவிட்டார். உல்கா எந்த மௌனத்தையும் விட்டுவைத்ததில்லை. யெஸ் மேடம், ஒன் மினிட் மேடம், செக் பண்ணுறேன் மேடம், திருவனந்தபுரம் மேடம், விண்டோ சீட்டா மேடம். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் வீட்டில் புருஷன் சங்கரலிங்கம் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ நினைத்துப் பேசாமல் இருந்தால் இவள் தானாக இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். "நான் என்ன சொல்லப்போறேன்னு நீ சொல்லி முடிச்சிட்டியே, அப்ப நான் எதுக்கு?" என்பான். பி.எட். சேரப்போகிறேன் என்றபோது மட்டும் அவன் வாயைத் திறக்க நேரம் கிடைத்தது. "நாப்பத்தேழு வயசுல யூனிபாரமா?" யூனிபாரம்தான். கல்லூரி கொடுத்த கத்தரிப்பூ நிறச் சேலை, இருபத்திரண்டு வயசுக் குமரிகள் கட்டுகிற அதே சேலை. முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு இந்தப் பள்ளிக்குள் நுழைந்தபோது, காதோர நரையைப் பார்த்து யாரோ மேலிடத்து அதிகாரி என்று நினைத்து மூன்று வகுப்புகள் எழுந்து நின்றன. ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டார்கள். பயிற்சிக்கு வந்த மாணவி என்று தெரிந்ததும், பதறாமல், மரியாதையாக, அந்த நாற்காலியை எடுத்து வேறொருவருக்குப் போட்டார்கள். அன்றைக்கு ஷர்மிளா பர்வீன், கூடப் பயிற்சிக்கு வந்தவள், வராந்தாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யக்கா, நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் பேசாம இருந்திருந்தா டீயும் வந்துருக்கும்." பேசாமல் இருக்கத் தெரியாது. அதுதான் வியாதி. வியாதியின் அளவு தெரிந்தது தன் வகுப்பைப் பதிவு செய்து கேட்டபோதுதான்.

உன் வகுப்பை நீயே ஆராய்ச்சி செய், எது சரியில்லை என்று பார், மாற்று, மாறியதா என்று மறுபடி பார் என்பது பாடத்திட்டம். செயல் ஆராய்ச்சி என்று பெயர். ஷர்மிளா அதற்கு வழி வைத்திருந்தாள்: "ஜெராக்ஸ் கடையில போன வருஷத்து ரெக்கார்டு இருக்குக்கா. பேரு, ஸ்கூலு, தேதி மூணும் மாத்தினா போதும். முன்தேர்வு முப்பத்தெட்டு சதவீதம், பின்தேர்வு எழுபத்தாறு. எல்லா வருஷமும் அதே முப்பத்தெட்டுதான்." எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் அறியாமை சரியாக முப்பத்தெட்டுதான் போலிருக்கிறது. உலகம்மாள் ரெக்கார்டு வாங்கவில்லை, நேர்மையால் அல்ல, வெறும் ஆர்வத்தால். தன் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஆசை, போன் மேசைக்காரியின் கர்வம். போனை டிராயரில் வைத்து மூன்று வகுப்புகளைப் பதிவு செய்து, வீட்டில் துணி மடித்துக்கொண்டே காதில் மாட்டிக் கேட்டாள். முதல் பத்து நிமிஷம் நல்ல குரல்தான் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு மடித்த துணியைத் திரும்ப மடிக்க ஆரம்பித்தாள். கேள்வி வருகிறது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பதிலே வருகிறது. நடுவில் ஒரு ஈ பறக்க இடமில்லை. நீல அட்டை நோட்டில் கோடு போட்டுக் கணக்கெடுத்தாள்: முப்பத்துநான்கு கேள்விகள், இருபத்தொன்றுக்குப் பதில் சொன்னது அவளே. மீதிப் பதின்மூன்று, முதல் பெஞ்சு ஹரீஷும் அவன் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரும். பதினொரு பிள்ளைகளின் குரல் மூன்று வகுப்பிலும் ஒரு தடவைகூட இல்லை, வருகைப் பதிவில் உள்ளேன் என்றதைத் தவிர. அதைவிட மோசமாக ஒன்று இருந்தது. யாராவது எழுந்து, ம்ம், அது வந்து, என்று ஆரம்பித்தால் உடனே விழுந்தது அந்தச் சொல். நெக்ஸ்ட். பளிச்சென்று, மானேஜர் மெச்சும் குரலில். நெக்ஸ்ட். பதினேழு தடவை. துணியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தச் சொல் அவளுடையதல்ல. அதை அவள் முதலில் கேட்டது வேறு குரலில், வேறு ஊரில்.

ஆலங்குளம். யாரும் கை தூக்கவில்லை. ஹரீஷ் மட்டும் வலது கையைப் பாதி தூக்கி, பக்கத்தில் இருப்பவன் எதையோ முணுமுணுக்க, இறக்கிக்கொண்டான். கோமதிநாயகம் சார் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு அர்த்தம் உண்டு: அம்மா, வகுப்பு செத்துப்போச்சு, எழுப்புங்க. நகராதே, நாக்கே, ஒட்டிக்கொண்டிரு. எட்டாம் வகுப்பு வரை தென்காசியில் தமிழில் படித்தவளை அப்பா ஒன்பதாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டையில் ஆங்கில வழிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார், ஹாஸ்டலில். திங்கட்கிழமை விடிகாலை பஸ், இதே நிறுத்தங்கள், மடியில் துணிப்பை, பையில் எலுமிச்சம்பழச் சோறு. முதல் வாரம் அறிவியல் வகுப்பு. டீச்சர் வரிசையாக விரலை நீட்டிக்கொண்டே வந்தாள். இலை எப்படி உணவு தயாரிக்கிறது? உலகம்மாளுக்குத் தெரியும். பச்சையம் தெரியும், ஒளிச்சேர்க்கை தெரியும், இலைத்துளை தெரியும், படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரியும். எல்லாம் தமிழில் தெரியும். அதை இங்கிலீஷ் கரைக்குக் கொண்டுபோய் இறக்க ஒரு தோணி வேண்டும், ஒரு மூச்சு வேண்டும். எழுந்தாள். வாயைத் திறந்தாள். பாவூர்சத்திரம்கூட வரவில்லை, நெக்ஸ்ட். அந்த விரல் அவளைத் தாண்டிப் போய்விட்டது. உட்காரவும் சொல்லவில்லை, நிற்கவும் சொல்லவில்லை. பாதி நின்றபடி எவ்வளவு நேரம் இருந்தாளோ. பிறகு இங்கிலீஷ் வந்தது, நன்றாகவே வந்தது, மூன்றாம் மணிக்குள் போனை எடுக்கிற அளவுக்கு வந்தது. ஆனால் அந்தப் பாதி நின்ற பெண் உட்கார்ந்த ஞாபகம் மட்டும் இல்லை. முப்பத்துமூன்று வருஷமாக முழங்கால் மடிந்த நிலையில் எங்கோ நின்றுகொண்டிருக்கிறாள். இன்றைக்கு யாராவது அவளை உட்காரச் சொல்லுங்களேன், அல்லது நன்றாக நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்களேன்.

சீதபற்பநல்லூர். அட, சீதபற்பநல்லூர்! இதுவரை வராத ஊர். வெளியே சாரல் விட்டுவிட்டு அடித்தது, ஜன்னல் கம்பியில் வரிசையாகச் சொட்டுகள், செம்பிலும் சொட்டுகள். தேர்வாளர் அம்மா தாளில் எதையோ எழுதினார். என்ன எழுதுகிறார், மாணவர் பங்கேற்பு இல்லை என்றா? பங்கேற்புக்குத்தான் தந்திரம் இருக்கிறதே. முதல் மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வந்த வாரம் ஷர்மிளா சொல்லிக் கொடுத்தாள். "பிள்ளைககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருங்க. தெரிஞ்சா வலது கை, தெரியலேன்னா இடது கை. எந்தக் கேள்விக்கும் எல்லாக் கையும் மேல நிக்கும். பாக்கவங்க அசந்துருவாங்க. நீங்க வலது கையை மட்டும் கூப்பிடுங்க. கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கும், மார்க்கு வந்ததும் சரியாப் போயிரும்." வெட்கப்பட்டுக்கொண்டே ஏழாம் வகுப்பு பி-யிடம் அவள் அதை விளக்க ஆரம்பித்தபோது, பாதியில் பிள்ளைகள் சிரித்தார்கள். "தெரியும் டீச்சர், போன வருஷ டீச்சரும் சொல்லித் தந்தாவ." "அதுக்கு முந்தின வருஷ சாரும் டீச்சர்." எத்தனை வருஷமாக எத்தனை இடது கைகள். மேற்பார்வை அன்று வகுப்பு பூத்துக் குலுங்கியது. பங்கேற்பு மிக நன்று என்று விரிவுரையாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அந்தத் தாளை வீட்டில் சங்கரலிங்கத்திடம் காட்டிப் பெருமைப்படவும் செய்தாள், அதையும் ஒளிப்பானேன். தந்திரம் நன்றாக ஓடியது, ஐந்தாம் வாரம் வரை. ஐந்தாம் வாரம் ஒரு தப்பு நடந்தது. எதிரே நிற்பவர்களுக்கு வலது எது இடது எது என்பது தலைக்குள் ஒரு கணம் புரண்டுபோகும், எல்லா ஆசிரியருக்கும் புரளும். வேரைப் பற்றிய பாடம். அவள் ஜன்னலோரம் உயர்ந்து நின்ற ஒரு கையைப் பார்த்து, "முப்பிடாதி, நீ சொல்லு" என்றுவிட்டாள். அந்தப் பெண் எழுந்தாள். இரட்டைச் சடை, ஒரு சடையில் ரிப்பன் இல்லை. ஏமாற்றப்பட்டவளின் முகம். உடன்படிக்கையை மீறிய அரசனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "டீச்சர், நான் எடது கையைல்லா தூக்கியிருக்கேன்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. முப்பிடாதி பாதி எழுந்த நிலையில், முழங்கால் மடிந்து, உட்காரவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல்.

அந்த முழங்கால். அதைப் பார்த்ததும் உலகம்மாளின் வாய்க்கு வந்துவிட்ட நெக்ஸ்ட் தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. விழுங்கினாள். வேறு சொல் எதுவும் கையில் இல்லாததால், வாய்க்கு வந்ததைக் கேட்டாள். "சரிம்மா. என்ன தெரியலேன்னு சொல்லு." முப்பிடாதி யோசித்தாள். தெரியாதது எது என்று அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "வேரு தண்ணியை உறிஞ்சுதுன்னு சொன்னீய. சரி. உறிஞ்சின தண்ணி மேல எப்படி ஏறுது? எங்க வீட்டு மாடிக்கே மோட்டார் போட்டாத்தான் ஏறுது. தென்னை மரத்துல மோட்டார் இல்லையே டீச்சர்." சிரித்த வகுப்பு அடங்கிவிட்டது. ஆமாம்லா, என்றான் யாரோ. ஹரீஷ் திரும்பி முப்பிடாதியைப் பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு மணி அடித்தபோது பிள்ளைகள் வெளியே ஓடவில்லை. அன்று மாலை நீல நோட்டில் தலைப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: தெரியாது என்று உயரும் கையை முதலில் அழைத்தால் என்ன ஆகும்? மறுநாள் வகுப்பில் சொன்னாள்: "இனிமே எடது கைக்குத்தான் முதல் மரியாதை. தெரியாதவங்கதான் முதல்ல பேசணும். ஆனா என்ன தெரியலேன்னு சொல்லணும். அதுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ நான் காத்துக்கிட்டிருப்பேன்." காத்திருக்கத்தான் தெரியவில்லை, அதற்குத்தான் பஸ். பதினொரு மௌனங்கள் ஏழாயின, பிறகு மூன்று, போன வாரம் ஒன்று. ரெஜினா. நடுவரிசை, மூன்றாம் பெஞ்சு, சுவரோரம். இடது கையும் தூக்க மாட்டாள், வலது கையும் தூக்க மாட்டாள், இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மெல்லக் கற்பவர் என்று பழைய பதிவேட்டில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். கோமதிநாயகம் சார் ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் கோடு போட்டுருக்கீய. ஆனா அந்தப் பிள்ளையை விட்டுருங்கம்மா. ரெண்டு வருஷமா நானும் பாக்கேன். செவுரு பேசுனாலும் அது பேசாது. இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு இந்த எடது கை வெளாட்டெல்லாம் வேண்டாம், என் மானம் போயிரும்." பாடக்குறிப்பில் எதிர்பார்க்கும் விடை என்று ஒரு கட்டம் உண்டு. இன்றைய பாடக்குறிப்பில் அந்தக் கட்டத்துக்குள் உலகம்மாள் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தாள். தெரியாது.

பேட்டை. மூச்சு இப்போது தானாக வருகிறது, யாரோ அவளுக்காக ஓட்டுகிறார்கள். ஒன்று புரிந்தது: இந்த மௌனம் காலி இல்லை. போன் மௌனம்போல எதிர்முனை அறுந்த மௌனம் இல்லை இது. நாற்பத்தொரு தலைகளுக்குள் என்னவோ ஓடுகிற இரைச்சல் அதில் இருந்தது, காது கொடுத்தால் கேட்கும், அடுப்பில் தண்ணீர் கொதிக்குமுன் அடியில் கிளம்புமே ஒரு சத்தம், அப்படி. அப்போதுதான் முதல் கை எழுந்தது. ஜன்னலோரம், முப்பிடாதி. இடது. அதன் பின்னால் இன்னொன்று, இடது. நாலு, எட்டு, பதினைந்து. ஹரீஷ் மறுபடி வலது கையைத் தூக்கப்போய், யோசித்து, இடதைத் தூக்கினான். தேர்வாளர் அம்மா நிமிர்ந்தார். இத்தனை இடது கைகளைப் பார்த்தார். பேனா நின்றுவிட்டது.  தெரியும். அவருக்குத் தெரியும். நாட்டில் பி.எட். படித்த எவருக்குத் தெரியாது? அவரும் இருபத்திரண்டு வயசில் ஒரு கத்தரிப்பூச் சேலையில் இதே தந்திரத்தைச் செய்திருப்பார். பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறாள், வயசுக்கேற்ற வெட்கம்கூட இல்லை என்று இப்போது அந்தத் தாளில் எழுதப்போகிறார். கோமதிநாயகம் சார் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் வழி இருக்கிறது, ஓர் ஓரத்தில் ஒரே ஒரு வலது கை நிற்கிறது, அதைக் கூப்பிடு, நீராவி என்று அவன் சொல்லட்டும், வெரி குட் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இரு, மதிப்பெண் தப்பிக்கும். வலது கையைப் பார்த்தாள். அந்தப் பையன் சொல்லத் தயாராக இருந்தான். தேர்வாளரும் அந்த வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதை எத்தனை நொடியில் கூப்பிடுவாள் என்று. உலகம்மாள் மூச்சை விட்டாள். டவுன். "முப்பிடாதி" என்றாள்.

"தெரியல டீச்சர்." நன்றாக நிமிர்ந்து நின்று சொன்னாள், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி. "செம்புல ஓட்டை இருக்கோன்னு நினைச்சேன். ஓட்டை இருந்தா கீழே ஒழுகும், இது மேலயும் வேர்த்திருக்கு. அப்ப தண்ணி உள்ள இருந்து செம்பு வழியா கசிஞ்சு வருதோ என்னவோ. எங்க வீட்டு மண்பானை அப்படித்தான் கசியும்." "லூசு, இது மண்ணா, எவர்சில்வரு" என்றான் ஹரீஷ். "நீ எந்திரிச்சு சொல்லுலே பாப்போம்." "எனக்கும் தெரியலட்டி, அதான் எடது கை." வகுப்பு சிரித்தது, ஆனால் இது வேறு சிரிப்பு. முப்பிடாதி உட்காரவில்லை. "டீச்சர், கசியுதா இல்லையான்னு பாக்க ஒரு வழி இருக்கு. உள்ள ரோஸ்மில்க் ஊத்தி வச்சா, வெளிய ரோஸ் கலர்லயா வேர்க்கும்?" உலகம்மாளின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐந்து வாரத்துக்கு முன் இதே பெண்ணிடம் நெக்ஸ்ட் சொல்ல இருந்தாள். பதில் தெரியும், நாக்கு நுனியில் இருக்கிறது, சொல்லாதே, சொல்லாதே. மறுபடி மௌனம். பஸ்ஸை மறுபடி தென்காசிக்குக் கொண்டுபோக வேண்டுமா, அல்லது டவுனிலிருந்தே ஓட்டலாமா. எல்லாரும் அந்த ரோஸ்மில்க் செம்பைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் சார்கூடக் கண்ணைத் திறந்திருந்தார். ஜங்ஷன்.

"இனிக்காது."

யார் சொன்னது என்று முதலில் தெரியவில்லை. கீச்சென்று, புழங்காத கதவு திறப்பதுபோல ஒரு குரல். பிள்ளைகள் திரும்பினார்கள். மூன்றாம் பெஞ்சு, சுவரோரம். ரெஜினா எழுந்திருக்கவில்லை, கை தூக்கவில்லை, கைகள் இன்னும் தொடைக்கடியில்தான் இருந்தன. சொல்லிவிட்டதற்காக அவளே பயந்துபோய் இருந்தாள். நாக்கே, ஒட்டிக்கொண்டிரு, இப்போதுதான் நீ முக்கியம். உலகம்மாள் அவளைப் பார்த்து நின்றாள், அவ்வளவுதான், விரலை நீட்டவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. பாளையங்கோட்டைக்கு எவ்வளவு தூரமானாலும் வண்டி நிற்கும். ரெஜினா சுவரைப் பார்த்துப் பேசினாள். "எங்கம்மை பஸ் ஸ்டாண்டுல ஜூஸ் கடை வச்சிருக்கு. ரோஸ்மில்க் டம்ளருக்கு வெளிய வேர்க்கும். வெள்ளையாத்தான் வேர்க்கும். நக்கிப் பாத்துருக்கேன். இனிக்காது."  முப்பிடாதி கத்தினாள்: "அப்ப உள்ள இருந்து வரல! வெளிய இருந்துதான் வந்திருக்கு!" "வெளிய என்னட்டி இருக்கு, காத்துதான இருக்கு." "அப்ப காத்துலதான் தண்ணி இருக்கு!" "காத்துல தண்ணி இருந்தா நாம ஏன் நனையல?" "அது சூடா இருக்கும்போது தெரியாதா இருக்கும், இந்தச் செம்புமேல பட்டு குளுந்து போயிருக்கும்." "சாரல் அடிக்கில்லா, அதான் இன்னைக்கு நிறைய." யார் எதைச் சொல்கிறார்கள் என்று நோட்டில் கோடு போட முடியாது இனி. ஒரு கை வலது, ஒரு கை இடது, ஒருவன் இரண்டையும் தூக்கிக்கொண்டு பெஞ்சுமேல் முழங்கால் போட்டு நின்றான். வலது கைப் பையன், பாவம், நீராவி டீச்சர், நீராவி டீச்சர் என்று சொல்லிக்கொண்டே இருந்தான், அவனைக் கேட்பார் இல்லை. அவர்களே அந்த இடத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். உலகம்மாள் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. இருபது வருஷம் பேசிப் பேசிக் கிடைக்காத ஒன்று வாயை மூடிய ஏழு மூச்சில் கிடைத்திருந்தது, அது நெஞ்சுக்குள் மேளமாக அடித்தது, வெளியே தெரியாமல் இருக்க முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நாற்காலி நகரும் சத்தம். தேர்வாளர் அம்மா எழுந்து வந்துகொண்டிருந்தார், பெஞ்சுகளுக்கு நடுவே, தாளையும் பேனாவையும் நாற்காலியிலேயே விட்டுவிட்டு. வகுப்பு சட்டென்று அடங்கியது. மேசைக்கு வந்தார், செம்பைப் பார்த்தார், ஆள்காட்டி விரலால் அதன் வயிற்றில் ஒரு சொட்டைத் தொட்டார். தொட்ட விரலை வாயில் வைத்தார். யோசித்தார். ரெஜினா பக்கம் திரும்பி, "ஆமா, இனிக்கல" என்றார். "இதுல ரோஸ்மில்க் ஊத்தலையே மேடம்" என்றான் ஹரீஷ். தேர்வாளர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார், அதோடு வகுப்பும், அதோடு கோமதிநாயகம் சாரும், அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே பலருக்குப் புதுச்செய்தி. "நாளைக்கு ரோஸ்மில்க் ஊத்திப் பாத்துருவோம்லே" என்றார் சார், "ரெஜினா, உங்கம்மைட்ட சொல்லி ஒரு பாட்டில் கொண்டாட்டி. சார் கேட்டேன்னு சொல்லு." ரெஜினா தொடைக்கடியிலிருந்து கைகளை எடுத்து பெஞ்சுமேல் வைத்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் பெஞ்சின் வரி பதிந்து சிவந்திருந்தன. அந்தக் கைகளில் ஒன்று, இப்போது, மெல்ல, காற்றின் எடை தாளாததுபோல, மேலே எழுந்தது. இடது. உலகம்மாள் "சொல்லும்மா" என்றாள், அந்தப் பாடவேளையின் இரண்டாவது கேள்வி அதுதான். ரெஜினா எழுந்து நின்றாள், முழுசாக. "டீச்சர், செம்பு முழுக்கத்தான் குளிரா இருக்கு. அப்ப எல்லா இடமும் ஒண்ணாத்தானே நனையணும்? ஏன் சொட்டுச் சொட்டா வருது? மொத சொட்டு ஏன் அந்த எடத்துல வருது, ஏன் பக்கத்துல வரல?"

நாற்பத்தொரு பிள்ளைகளும் டீச்சரைப் பார்த்தார்கள், தேர்வாளர் அம்மாவும்தான். உலகம்மாள் தேடினாள். பாடப்புத்தகத்தில் இல்லை. வழிகாட்டி நூலில் இல்லை. தமிழில் இல்லை, இங்கிலீஷில் இல்லை, எந்தக் கரையிலும் இல்லை. முதல் சொட்டு ஏன் அங்கே வருகிறது? துருவா, தூசியா, கீறலா, எதுவாகவும் இருக்கலாம், எதுவும் தெரியாது. பழைய பயம் வந்தது, பாளையங்கோட்டையிலிருந்து, முழங்கால் மடிந்தபடி, அந்த விரல் இப்போது தாண்டிப் போய்விடும் என்று. வந்தது, அவளை உற்றுப் பார்த்தது. விரல் நீட்ட இங்கே யாரும் இல்லை, நேரம் நிறைய இருந்தது. பரீட்சை நடத்த வந்தவர் ஒரு முழம் தள்ளி விரல் ஈரத்தோடு நின்றார். உலகம்மாள் நன்றாக நிமிர்ந்தாள். நிமிர்ந்து, கத்தரிப்பூச் சேலை தோளில் சரிய, கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சலசலத்து இறங்க, தன் இடது கையைத் தூக்கினாள். ஓர் இமைப்பொழுது வகுப்புக்குப் புரியவில்லை. பிறகு முப்பிடாதிதான் முதலில் கூவினாள், "டீச்சருக்கும் தெரியாதுடோய்!" வகுப்பு கூரை போகிற அளவுக்கு ஆர்ப்பரித்தது. அந்த ஆரவாரத்தில் மணி அடித்ததை யாரும் கேட்கவில்லை. அடுத்த பாடவேளைக்கு வந்து வாசலில் நின்ற கணக்கு சார் உள்ளே எட்டிப் பார்த்தார். மேசைமேல் வேர்த்துக்கொண்டிருக்கும் ஒரு செம்பு. அதைச் சுற்றி, இறங்க மனமில்லாமல், நாற்பத்திரண்டு இடது கைகள்.